மூன்றாம் வருகை

முந்நூறு சொற்களுக்கு மிகாமல் எழுதவும் என்றிருந்தது. அந்த வரியை எத்தனை தடவை வாசித்தாள் என்று சுடர்க்கொடிக்கே தெரியவில்லை. தங்களுக்கு இதுவரை வாய்த்த ஆய்வுமுறை அனுபவம் எங்கள் பாடத்திட்டத்திலுள்ள முறைகளோடு எவ்விதம் பொருந்துகிறது என்று, இங்கிலீஷில், மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்கள். கீழே ஒரு வெள்ளைப் பெட்டி, பெட்டியின் மூலையில் பூஜ்யம், சாய்கோடு, முந்நூறு. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செண்பகவல்லி அக்கா நடத்துகிற கம்ப்யூட்டர் சென்டரில், சுவரோரம் கடைசி மேசையில் அவள் வந்து உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஆகிறது, மின்விசிறி பேருக்குச் சுற்றுகிறது, மணி மூன்றாகப் போகிறது, ஐந்து மணிக்கு விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். போன வருடமும் இதே பல்கலைக்கழகம்தான், தலைநகரத்தில் இருக்கிற பெரிய பல்கலைக்கழகம், இதே பொது சுகாதார முனைவர் படிப்புதான், ஒற்றை வரியில் பதில் அனுப்பினார்கள், தங்கள் ஆய்வுமுறை அனுபவம் எமது பாடத்திட்டத்தோடு போதிய அளவு பொருந்தவில்லை என்று. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் தரகரிடம் சொல்லியனுப்புகிற மாதிரி. அதையும் அவள் நாலைந்து தடவை கேட்டவள்தான், நட்சத்திரம் பொருந்தவில்லை, உயரம் பொருந்தவில்லை, அதற்கெல்லாம் ஒரு பொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. இந்த வரிக்கு அழுதாள். அண்ணன் வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள், மதினி வெளியே நின்று தண்ணி போகுது தண்ணி போகுது என்று கதவைத் தட்டினாள். முப்பத்தைந்துக்கு மேல் எடுக்க மாட்டார்கள், ஆவணி வந்தால் அவளுக்கு முப்பத்தைந்து முடிகிறது. இந்தத் தடவை விட்டால் விட்டதுதான். அப்புறம் யாரோ எழுதிக் கொடுத்த கேள்வியை யார் வீட்டு வாசலிலாவது நின்று கேட்டுக்கொண்டே கிழவியாக வேண்டியதுதான்.

பள்ளிக்கூடத்தில் பொருத்துக என்று ஒரு கேள்வி வரும், அதில் அவள் ஒருநாளும் மதிப்பெண் விட்டதில்லை. தெரிந்ததற்கெல்லாம் முதலில் கோடு இழுத்துவிட வேண்டும், கடைசியில் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும் மிஞ்சும், மிஞ்சியது மிஞ்சியதோடு சேரும், யோசிக்கவே வேண்டாம். இதையும் அப்படித்தான் செய்தாள். பாடத்திட்டத்தில் நான்கு முறைகள் போட்டிருந்தார்கள். ஒன்று, வீட்டுக் கணக்கெடுப்பு. அதற்கென்ன, ஒன்பது வருடத்தில் நாலாயிரம் வீடு ஏறி இறங்கியிருக்கிறாள், நாய்க்கடி இரண்டு தடவை, கோடு இழுத்தாயிற்று. இரண்டு, நேர்காணல். அதுவும் உண்டு. மூன்று, புள்ளிவிவரம். கொஞ்சம் இழுபறிதான், அவள் எண்களை ஏற்றுவாள், கூட்டிப் பெருக்கிப் பார்ப்பதெல்லாம் சென்னையில் குளிர் அறையில் இருக்கிறவர்கள், இருந்தாலும் எழுதுகிற விதமாக எழுதினால் நிற்கும். நான்காவது, ஆய்வாளர் தன்னைத்தானே பரிசீலித்தல். இது என்ன கண்றாவி என்றுதான் போன வருடம் அதைத் தொடாமல் விட்டாள். அதில்தான் கவிழ்ந்தாள் என்று இன்று காலை அருள்மொழி போனில் சொன்னாள். அருள்மொழி இவளோடு ஒரே சர்வே கம்பெனியில் இருந்தவள், இரண்டு வருடம் முன்னால் அங்கே இடம் கிடைத்துப் போய்விட்டாள். "அக்கா, நாலாவதுலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. நீங்க ஃபீல்டுல செஞ்ச தப்பு ஒண்ணச் சொல்லணும். பேனா மறந்துட்டேன்கிற மாதிரி சில்லறையாவும் இருக்கக் கூடாது, ரொம்பப் பெருசாவும் இருக்கக் கூடாது. படிக்கிறவங்களுக்கு லேசா மனசு கலங்கணும். அதுலருந்து நான் மாறிட்டேன்னு முடிச்சிருங்க." மாவடு உப்பு போடுகிற பக்குவம் சொல்வதுபோல் சொன்னாள். சரி சரி என்று சுடர்க்கொடியும் கேட்டுக்கொண்டாள். இந்தப் பக்கம் நாலாவது மிஞ்சி நிற்கிறது. அந்தப் பக்கம் மிஞ்சி நிற்பது எது என்று அவளுக்குத் தெரியும்.

"ஏம்மா, சர்ட்டிபிகேட்டெல்லாம் குடுத்தேன்னா நான் பாட்டுக்கு ஸ்கேன் பண்ணிருவேன், கடைசி நேரத்துல அல்லாட வேணாம்," என்றாள் செண்பகவல்லி அக்கா, முன் மேசையிலிருந்து எழாமலே. சுடர்க்கொடி பையிலிருந்து நீலக் கோப்பை எடுத்தாள், பத்தாவது, பன்னிரண்டாவது, சமூகப்பணி முதுகலை, கம்பெனி கொடுத்த அனுபவச் சான்று, ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கின்றன, எதையும் பார்க்காமல் கோப்போடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். திரும்பி உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது, கடைசி உறையில் அந்தச் சீட்டு இருக்கிறது. போய் எடுத்துவிடலாமா. எடுத்து எங்கே வைப்பது. இரண்டு விரல் அகலத் துண்டுச் சீட்டு, மேலே பெண்கள் நலம் என்று அச்சடித்து, கீழே உதவிக்கு அழைக்க ஒரு எண். நாலு வருடம் முன்னால் கல்யாணமான பெண்களின் உடல்நலம் பற்றி ஒரு சர்வே எடுத்தார்கள், அதில் அஞ்சாம் பகுதி என்று ஒன்று உண்டு, உங்கள் கணவர் உங்களை அறைந்திருக்கிறாரா, தள்ளிவிட்டிருக்கிறாரா, முடியைப் பிடித்து இழுத்திருக்கிறாரா என்று பத்துக் கேள்விகள், அந்தப் பெண் தனியாக இருக்கும்போதுதான் கேட்க வேண்டும், யாராவது வந்துவிட்டால் சட்டென்று காய்கறி பழம் எத்தனை நாளைக்கு ஒருமுறை சாப்பிடுவீர்கள் என்று மாற்றிவிட வேண்டும். பேட்டி முடிந்ததும் ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் வீட்டுக்கு ஒரு சீட்டு. நெடுங்கரிசல் ஊருக்கு முப்பது வீடு, எண்ணி முப்பது சீட்டுதான் கொடுத்தனுப்பினார்கள். வேலை முடிந்து பையை உதறியபோது ஒன்று மிஞ்சியது. பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குப் பதிலாக வேறொரு வீட்டில் கேட்பது உண்டு, பதில் வீடு என்பார்கள், அங்கேயும் ஒன்று கொடுத்திருக்க வேண்டுமே, பிறகு எப்படி மிஞ்சும் என்றால், பதில் வீட்டில் கொடுக்க அவளுக்குக் கை வரவில்லை. பதினேழாம் நம்பர் வீட்டுச் சீட்டு அது.

பதினேழாம் நம்பர் எண்ணெய் மில்லைத் தாண்டி ஊர்க் கடைசியில் இருந்தது. தட்டியதும் திறக்கவில்லை. பிறகு ஒரு சாண் திறந்தது. இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண், ஈரத் தலையில் துண்டு, ஒரு கை கதவின் விளிம்பைப் பிடித்திருந்தது, சுண்டுவிரல் நகத்தில் பாதி மருதாணி. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது, யாரோ தொண்டையைக் காறினார்கள். சுடர்க்கொடி கிளிப்பிள்ளையாய் ஆரம்பித்தாள், வணக்கம், நாங்கள் உடல்நலச் சர்வேயிலிருந்து வருகிறோம், குடிதண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள். அந்தப் பெண் தண்ணீருக்குப் பதில் சொல்லவில்லை. உதடு அசையாத மாதிரி, "இப்ப வேணாம்க்கா. நாளைக்கு வாங்க. பதினோரு மணிக்கு மேல வாங்க, அவரு தறிக்குப் போயிருவாரு. நான் சொல்றேன்," என்றாள். கதவு மூடிக்கொண்டது. நான் சொல்றேன். என்ன கேட்கப் போகிறோம் என்று இவள் இன்னும் சொல்லவே இல்லை. தெருக்குழாயில் பேசியிருப்பார்கள், நேற்று முடித்த வீட்டுப் பெண்கள் யாராவது, இன்ன இன்ன கேட்கிறார்களடி, அடிச்சானா மிதிச்சானா என்று கேட்கிறார்களடி என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்கள், அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டிருப்பாள், ராத்திரி பூராவும் யோசித்திருப்பாள், கேட்க ஒருத்தி வருகிறாள், வந்தால் சொல்லிவிட வேண்டும். நாலு வருடமாகச் சுடர்க்கொடி இந்த இடத்துக்கு வந்து வந்து நின்றுகொள்கிறாள். அவள் காத்திருந்திருப்பாள் என்கிற இடம். பதினோரு மணி, பதினொன்றரை, சோறு வடித்துவிட்டு, கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு.

போகாததற்கு ஒரு காரணமாவது இருந்திருந்தால் நன்றாயிருக்கும். காய்ச்சல், மழை, வண்டி பஞ்சர், எதுவும் இல்லை. வெயில் அடித்தது, அவ்வளவுதான். எண்ணெய் மில்லைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் பொட்டல், கரிசல் மண் சூடு செருப்பைத் தாண்டி ஏறுகிறது, காலையிலிருந்து நாலு வீடு முடித்திருந்தார்கள், ஜோடியாக வந்த ஜெபராணி, "நாளைக்குப் பாத்துக்கிருவோம்டி, எங்க போயிரப் போறா," என்றாள், சரி என்று இவளும் சொன்னாள், யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. மறுநாள் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். கிளம்புவதற்கு முன் நெடுங்கரிசல் பஸ் நிறுத்தத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேட்டிப் பாரங்களை முடித்தார்கள். பூட்டின வீடு என்றால் மூன்று தடவை போயிருக்க வேண்டும், மூன்றும் வெவ்வேறு நாள், வெவ்வேறு நேரம், பாரத்தின் தலையில் முதல் வருகை, இரண்டாம் வருகை, மூன்றாம் வருகை என்று மூன்று கட்டம் இருக்கும், அது நிரம்பினால்தான் பதில் வீட்டுக்கு அனுமதி. கட்டம் நிரப்புவதில் ஃபீல்டுக்காரர்களுக்கு ஒரு கை உண்டு. பத்து மணி, நாலு மணி என்று முழுசாகப் போடக் கூடாது, மேலே பார்க்கிறவன் கண்டுபிடித்துவிடுவான், பத்து இருபது, நாலு முப்பத்தைந்து என்று போட வேண்டும். மூன்றுக்கும் ஒரே பேனா கூடாது. நடுவில் ஒரு தேதியை அடித்துத் திருத்தினால் இன்னும் நம்புவார்கள். ஜெபராணி நீலப் பேனா கொடுத்தாள், டீக்கடைக்காரரிடம் ஒரு கறுப்புப் பேனா வாங்கினார்கள். முதல் வருகை, பத்து இருபது, பூட்டியிருந்தது. அதுவே பொய், கதவு திறந்தது, ஆள் பேசினாள். இரண்டாம் வருகை, பன்னிரண்டு பத்து, பூட்டியிருந்தது. மூன்றாம் வருகை, நாலு முப்பத்தைந்து, பூட்டியிருந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் மூன்று நாள் முடிந்தது, டீ கூட ஆறவில்லை. பதில் வீடு டீக்கடைக்கு எதிரே இருந்தது, அந்த வீட்டு மருமகள் நல்ல கலகலப்பு, அஞ்சாம் பகுதி பத்துக் கேள்விக்கும், "ஐயோ அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா," என்று சிரித்தாள். பத்து இல்லை. நான் சொல்றேன் என்றவள் இருக்க வேண்டிய வரிசையில் பத்து இல்லை போய் உட்கார்ந்துகொண்டது. சென்னையில் கூட்டிப் பெருக்கினார்கள், நெடுங்கரிசலில் நிலைமை பரவாயில்லை என்று வந்தது.

பத்தொன்பது நாள் கழித்துச் சோற்றுப் பொட்டலம் பிரிக்கும்போது பேப்பரில் இருந்தது. மாவட்டச் செய்தி, நாலே வரி. நெடுங்கரிசல், தறித் தொழிலாளி மனைவி நாகஜோதி, இருபத்தாறு, தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்தவர், வாழ்க்கையில் வெறுப்படைந்து. இந்த ஜில்லாவில் கட்டிக் கொடுத்த பெண்களுக்கெல்லாம் எப்படித்தான் இந்த வயிற்று வலி வருகிறதோ, எந்த டாக்டரும் கண்டுபிடிக்காத வயிற்று வலி, செத்த பிறகு பேப்பர்காரனுக்கு மட்டும் தெரிகிற வயிற்று வலி. ஒரு மண்ணும் தெரியாது என்று சொல்லிக்கொண்டாள் சுடர்க்கொடி, அந்த ஊரில் எத்தனையோ தறிக்காரர்கள், பேர் கூட நமக்குத் தெரியாதே, லிஸ்டில் புருஷன் பேர்தானே இருந்தது. லிஸ்டை எடுத்துப் பார்த்தாள். பேப்பரில் போட்டிருந்த புருஷன் பேரேதான் பதினேழாம் நம்பருக்கு நேரே இருந்தது. ஜெபராணியிடம் காட்டியபோது அவள் மென்றுகொண்டிருந்த கவளத்தை விழுங்கிவிட்டுச் சொன்னாள், "நீ போயிருந்தா மட்டும் என்ன கிழிச்சிருப்ப? நாம என்ன போலீசா? கேட்டிருப்ப, எழுதியிருப்ப, சீட்டக் குடுத்துட்டு வந்திருப்ப. அவளும் அரிசி டப்பாவுக்குள்ள போட்டிருப்பா." உண்மைதான். அது உண்மை என்பதுதான் இவளுக்குத் தாங்கவில்லை. போயிருந்தால் காப்பாற்றியிருப்பேன் என்று இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதுவிடலாம். போயிருந்தாலும் செத்திருப்பாள் என்று இருந்தால் விட்டுத் தொலைக்கலாம். இரண்டும் இல்லாமல், சொல்லிவிட்டாவது செத்திருப்பாள் என்று மட்டும் மிஞ்சுகிறது. அந்த வருடம் கம்பெனி கொடுத்த அனுபவச் சான்றில், இவருடைய பாரங்களில் விதிமீறல் ஒன்றுகூட இல்லை, மூன்று வருகை விதியைச் சிறப்பாகக் கடைப்பிடித்தவர் என்று ஒரு வரி உண்டு. செண்பகவல்லி அக்கா இப்போது அதைத்தான் ஸ்கேன் செய்துகொண்டிருக்க வேண்டும், மெஷின் உறுமி உறுமி வெளிச்சம் போடுகிறது.

எழுதத் தொடங்கினாள். முதல் மூன்று முறைகளும் நூற்றிருபது சொல்லில் மடமடவென்று முடிந்தன. நாலாவதற்கு வந்ததும், ஒரு வீட்டில், என்று தட்டினாள், ஒரு பெண், என்று தட்டினாள், இங்கிலீஷில் அந்தக் கதவு ஒரு சாண் திறக்க மாட்டேன் என்றது, நான் சொல்றேன் என்று அவள் சொன்னதை இவள் மொழிபெயர்த்ததும் அது யாரோ கடன் திருப்பித் தருகிறேன் என்று சொன்ன மாதிரி ஆயிற்று. அடித்தாள், மறுபடி எழுதினாள், மூளை ஒரு பக்கம் வேலை செய்துகொண்டிருக்க இன்னொரு பக்கம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்குள் பக்கம் தானே மூடிக்கொண்டது, நெடுநேரம் அசைவில்லாவிட்டால் வெளியே தள்ளிவிடுமாம், எழுதிய மட்டும் போயிற்று. மணி நாலு ஐந்து. உள்ளே நுழைந்து முதலிலிருந்து எழுதினாள், இந்தத் தடவை வாக்கியங்கள் தானாக வந்தன. வெயில், எண்ணெய் மில், மருதாணி போட்ட சுண்டுவிரல். சுண்டுவிரலைப் போடுவதா வேண்டாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள், போட்டால் படிக்கிறவர்களுக்கு லேசாக மனசு கலங்கும். இதை யோசித்தது நான்தானா என்று கை நின்றது. நின்ற கை பாடத்திட்டத்தை ஒருதரம் மேலே தள்ளிப் பார்த்தது. தன்னைத்தானே பரிசீலித்தல். கனகச்சிதமாகப் பொருந்தியது. நாலு வருடமாக இவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது, கனவில் கூடச் சொல்லாதது, இந்தப் படிப்புக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. நாகஜோதி செத்தது வீண் போகவில்லை, இவளுக்கு ஒரு தகுதியாகப் போயிற்று. எந்திரிச்சுப் போயிரு, மூடிட்டுப் போயிரு என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. போய் என்ன செய்ய, போனால் மட்டும் அவள் கதவைத் திறப்பாளா என்று இன்னொன்று சொன்னது. இரண்டும் இவள் குரல்தான். மணி நாலரை.

மறுநாள் நான் போகவில்லை என்று எழுதினாள். அது வரைக்கும் நிஜம், எழுதியபோது கண் எரிந்தது, இப்படியே போய்விடலாம், டீக்கடை, நீலப் பேனா, கறுப்புப் பேனா, பதில் வீடு, எல்லாவற்றையும் எழுதிவிடலாம். எழுதினால் என்ன ஆகும். பொய்ப் பாரம் போட்டவளை எந்தப் பல்கலைக்கழகமும் வாசலில்கூட விடாது, கூடவே ஸ்கேன் செய்து வைத்திருக்கிற சான்று பல்லிளிக்கும், ஜெபராணிக்கு இன்னமும் அங்கேதான் வேலை, ரொம்பப் பெருசாவும் இருக்கக் கூடாதுக்கா. மறுநாள் நான் போகவில்லை என்பதற்குப் பிறகு கர்சர் துடித்துக்கொண்டே நின்றது. மூலையில் இருநூற்று எழுபத்தாறு. இன்னும் இருபத்துநாலு சொல் பாக்கி. பிறகு அவள் யோசித்தாள் என்று சொல்ல முடியாது, விரல்கள் பழக்கத்தில் போயின. குற்ற உணர்வு தாளாமல் மூன்றாம் நாள் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனேன், மாலை நாலு முப்பத்தைந்து, வீடு பூட்டியிருந்தது. எழுதிவிட்டு வாசித்தாள். நம்பும்படியாக இருந்தது. முழு மணியாக இல்லை. இனி எந்த வீட்டையும் மறுநாளைக்குத் தள்ளிப்போடுவதில்லை என்று ஒரு வரி போட்டு முடித்தாள், முந்நூறுக்கு இரண்டு குறைவு. அக்கா ஸ்கேன் செய்து அனுப்பிய சான்றுகளையும் ஏற்றிவிட்டுச் சமர்ப்பி என்பதை அழுத்தியபோது மணி நாலு ஐம்பத்திரண்டு. சக்கரம் சுற்றியது, சுற்றியது, விண்ணப்ப எண் வந்தது, வாழ்த்துகள் என்றும் வந்தது. இந்தத் தடவை கிடைத்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, பொருத்துக போட்டுவிட்டுப் பேப்பரைக் கட்டும்போது தெரியுமே அதுபோல் தெரிந்தது.

செண்பகவல்லி அக்கா கோப்பை அடுக்கிக் கையில் கொடுத்தாள். அடுக்கின கையிலேயே அந்தத் துண்டுச் சீட்டு தனியாக இருந்தது, திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மடிப்பில் நூல் நூலாக விட்டிருந்தது. "இது ஒண்ணு கடைசி உறைக்குள்ள கெடந்துச்சும்மா, ஸ்கேன் பண்ணணுமா என்னன்னு தெரியல. யாருக்குள்ளது?" என்றாள்.

"அது நெடுங்கரிசல்ல ஒரு வீட்டுல குடுக்க வேண்டியதுக்கா."

"குடுக்கலையா?"

சுடர்க்கொடி கையை நீட்டிச் சீட்டை வாங்கிக்கொண்டாள்.

"மூணு தடவ போனேன்க்கா," என்றாள். "பூட்டியிருந்துச்சு."